ஹெட் கேஸ்கெட்டில் சரிபாதி

முப்பத்தொன்பதாயிரம் ரூபாய். ஒரு தகட்டுக்கு!

"தகடு ஆயிரத்து எண்ணூறுதான் அக்கா" என்றான் கோபிகிருஷ்ணன். திருப்பதி கரகம்பாடி ரோட்டில் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக் அவன். எங்கள் காரை ஆறு வருஷமாக அவன்தான் பார்க்கிறான். "ஆனா அத மாத்தணும்னா இன்ஜின் தலைய கழட்டணும். கழட்டினா சும்மா திருப்பி மூட முடியாது. லேத்துல குடுத்து சமமா இழைக்கணும், போல்ட் எல்லாம் புதுசு போடணும், பெல்ட்டு, தண்ணி பம்பு, ஆயில், கூலன்ட்டு..."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன். இன்ஜினுக்கும் அதன் தலைக்கும் நடுவில் இந்த ஹெட் கேஸ்கெட் தகடு உட்கார்ந்திருக்கிறதாம். தண்ணீர் ஒரு வழியாகவும் ஆயில் ஒரு வழியாகவும் ஓட, இரண்டும் கலந்துவிடாமல் காப்பது இதன் வேலையாம். இன்ஜின் ஒரு தடவை அளவுக்கு மீறிக் கொதித்தால் போதும், தகடு கருகிவிடுமாம். அவன் ஆயில் குச்சியை உருவிக் காட்டினான். நுனியில் பால் விட்ட டீ மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீள்ளு கலிசிபோயாயி. தண்ணி ஆயில்ல கலந்துடுச்சு அக்கா. இதுக்கு மேல ஸ்டார்ட் பண்ணா இன்ஜினே போயிடும்."

என் வீட்டுக்காரர் சம்பத் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு விலையைக் கேட்டு மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. கடைக்காரன் ஐந்நூறு என்றால் ஐந்நூறு, ஆயிரம் என்றால் ஆயிரம். பேரம் பேசுகிற வேலையும் கெட்ட பேர் வாங்குகிற வேலையும் எனக்கு.

"கூலி மட்டும் பதிமூணாயிரமா? இன்னாப்பா இது, அநியாயமா இல்ல? பம்பு எதுக்கு இதுல? பம்பு கெட்டுப் போச்சுன்னு யாரு அழுதாங்க?"

கோபி என் வீட்டுக்காரரைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் நான் கூலிக்குப் போய்விட்டேன். அரை மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி, பதினொன்றாயிரத்துக்கு இறக்கினேன். ஆக மொத்தம் முப்பத்தேழாயிரம். சந்திரகிரியில் நின்றுபோன வண்டியைக் கட்டி இழுத்து வந்த கூலியும் அதில் அடக்கம்.

நாங்கள் இருப்பது நகரியில். நான் வீட்டில் பவர்லூமுக்கு நூல் தார் சுற்றுகிறேன். அவர் அந்த மஞ்சள் போர்டு காரை வாடகைக்கு ஓட்டுகிறார். புரட்டாசி பிறக்க இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. நகரி, புத்தூர்ப் பக்கத்துச் சனங்கள் திருமலைக்குப் போவதற்கு எல்லாச் சனிக்கிழமைக்கும் எங்கள் வண்டியைச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஒரு மாத ஓட்டத்தில்தான் பிள்ளைகளின் காலேஜ் பீஸ் கட்டுவோம், வண்டிக்கு எப்.சி. எடுப்போம். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாக, அந்தச் சமயம் பார்த்து வண்டி படுத்துக்கொண்டது.

படுக்கவைத்தது என் தம்பி. அப்படித்தான் நான் நினைத்தேன், அப்படித்தான் ஊரெல்லாம் சொன்னேன்.

ஹரிபாபு எனக்கு ஒரே தம்பி. சித்தூரில் மாங்கூழ் பேக்டரியில் சூப்பர்வைசர். போன ஞாயிற்றுக்கிழமை அவன் மாமியார் திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு அலிபிரிப் படி வழியாக நடந்தே இறங்கி, முழங்கால் வீங்கி உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, அவங்கள சித்தூருக்குக் கூட்டிக்கினு போகணும், வண்டி குடு" என்று வந்து நின்றான். மாமியாருக்கு என்றால் ஓடுவான். சரி, கொடுத்தோம். அலிபிரியில் அவளை ஏற்றிக்கொண்டு சந்திரகிரி தாண்டினானோ இல்லையோ, பானட்டிலிருந்து புகை. அங்கேயே வண்டி நின்றது.

ஷெட்டிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இன்சூரன்சுக்கு எடுத்து வைத்தது பன்னிரண்டாயிரம். தார் சுற்றின கூலி ஆறாயிரத்து ஐந்நூறு. மொத்தம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு. இன்னும் பதினெட்டாயிரத்து ஐந்நூறு வேண்டும். சரிபாதி! என் வாழ்நாளில் எந்தக் கணக்கும் இத்தனை ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. கடவுளே வந்து பாதியை ஹரி பேரில் எழுதிவிட்டுப் போன மாதிரி இருந்தது எனக்கு.

"பாதி அவன் குடுக்கட்டும்" என்றேன்.

"அவன் மேல போட்றது..." என்று இழுத்தார் இவர்.

"பின்ன யாரு மேல போட்றது? நீங்க ஓட்டினீங்களா, நான் ஓட்டினேனா? சூடு காட்டுற முள்ளு ஏறுனதப் பாக்காம மாமியார்கூட பேசிக்கினே போயிருப்பான். எனக்குத் தெரியாதா அவன?"

"அதில்ல தாட்சு, வண்டி முன்னாடியே..."

"ஏழு வருஷமா ஓடுது, ஒரு நாளு நின்னுச்சா? இவன் கையில போன அன்னிக்குத்தான் நிக்குமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்னாடியே என்ன என்று நானும் கேட்கவில்லை. கணக்கு முடிந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

அன்று சாயங்காலமே ஹரிக்குப் போன் போட்டேன்.

"முள்ளு ஏறுன உடனே நிறுத்திட்டேன்க்கா. ஒரு அடி நகத்தல."

"நிறுத்தி இருந்தா கேஸ்கெட் ஏண்டா கருகுது?"

"எவ்ளோ?" என்றான்.

"உன் பங்கு பதினெட்டாயிரத்து ஐநூறு."

"சரிக்கா."

அவ்வளவுதான். வியாழக்கிழமை காலையில் பணம் போனில் வந்து விழுந்தது. இவர் அதை எடுத்துக்கொண்டு போய்க் கோபியிடம் அட்வான்ஸ் கொடுத்தார். வெள்ளிக்கிழமை இன்ஜின் தலையைக் கழற்றினார்கள். தலையில் விரிசல் இருந்தால் இன்னொரு இருபதாயிரம் என்று கோபி ஏற்கெனவே வயிற்றில் புளியைக் கரைத்திருந்தான். நல்லவேளை, விரிசல் இல்லை. கொஞ்சம் வளைந்திருக்கிறது, இழைத்தால் போதும் என்றான். ஒரு வாரத்தில் வண்டி கைக்கு வந்துவிடும். நான் நிம்மதியாக உட்கார்ந்தேன். அத்தோடு சும்மா இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை சந்திரம்மா வந்தாள். எதிர்வீடு. அவள் மகளைக் கொடுத்திருப்பது சித்தூரில் ஹரி வீட்டுத் தெருவிலேயே. காபியை வாங்கிக்கொண்டு, "நான் சொன்னேன்னு சொல்லாத" என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பிக்கிறவளை அங்கேயே எழுப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

அந்தப் பணத்துக்காக ஹரி பெண்டாட்டி ரூபா மாதச் சீட்டைத் தள்ளி எடுத்தாளாம். அதில் இரண்டாயிரத்துக்கு மேல் நஷ்டமாம். "ஓட்டை வண்டியக் குடுத்துட்டு, அதுங்க பண்ண வேண்டிய ரிப்பேர எங்க தலையில கட்டிட்டாங்க. கூடப் பொறந்தவளாம்!" என்று குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. தாய் இல்லாத பிள்ளை என்று அவனைப் பத்தாவது வரை சோறு போட்டுப் படிக்கவைத்தவள் நான். நான் அவனை ஏமாற்றிக் காசு பிடுங்கினேனா? கையில் இருந்த தார்க் குச்சியைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

"ஏண்டா, காசக் குடுத்துட்டுப் பேரக் கெடுக்கிறீங்களா ரெண்டு பேரும்? ஓட்ட வண்டியா எங்களுது?"

"ரூபா ஏதோ ஆத்திரத்துல சொல்லியிருப்பா, விடுக்கா."

"அப்ப தப்பு உன்னுதுன்னு ஒத்துக்கோ."

"காசுதான் குடுத்துட்டேன் இல்ல?"

"காசு யாருக்கு வேணும்? ஒத்துக்கோ. இல்லன்னா வா காணிப்பாக்கத்துக்கு. முழுகி எழுந்து பிள்ளையார் முன்னால சொல்லு. மடியில கனம் இல்லன்னா வழியில இன்னா பயம்?"

சித்தூர் ஜில்லாவில் இந்த வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது. போலீசுக்கும் பஞ்சாயத்துக்கும் அடங்காத வழக்கு காணிப்பாக்கத்தில் அடங்கும். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சந்நிதியில் நின்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனை மூன்று மாதத்தில் பிள்ளையார் காட்டிக்கொடுத்துவிடுவார் என்பார்கள். பங்காளி வரப்பை வெட்டினால் கூப்பிடுவார்கள், கடன் வாங்கினவன் வாங்கவே இல்லை என்றால் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவனை யாரும் கூப்பிட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

ஹரி வெட்டிவிட்டானோ என்று போனைப் பார்த்தேன்.

"சரிக்கா. நாளைக்கு வரேன்" என்றான்.

மறுநாள் காலையில் நானும் இவரும் சித்தூருக்குப் பஸ் ஏறினோம். சொந்தமாக வண்டி வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போகிற எரிச்சல் வேறு. வழியில் இவர் இரண்டு தடவை, "வாணாம் தாட்சு, எறங்கிடலாம்" என்றார். தம்பி முகத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்து, "சும்மா வாங்க" என்றேன்.

கோயில் வாசலில் ஹரி முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தான். தனியாகத்தான் வந்திருந்தான். ஷேவ் செய்யவில்லை. "சாப்டியாடா?" என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். சத்தியத்துக்குச் சீட்டு வாங்கினோம். காசு நான்தான் கொடுத்தேன்.

குளத்தங்கரையில் கோயில் ஆள் ஒருவர், "எவரு ப்ரமாணம்?" என்று கேட்டார். சத்தியம் செய்வது யார் என்கிறார். ஹரி கையைத் தூக்கினான். என்ன வழக்கு என்று அவர் கேட்க, நான் தெலுங்கில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "இத்தரூ செய்யாலி" என்றார். இரண்டு பேரும் செய்ய வேண்டுமாம். ஓட்டினவன் ஓட்டினதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டிக்காரர், நல்ல வண்டியைத்தான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும்.

"அதுக்கின்னா, பேஷா சொல்வாரு" என்றேன்.

ஹரி சட்டையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு இறங்கினான். மூன்று முழுக்குப் போட்டான். தலையைக்கூடத் துவட்டவில்லை. சந்நிதிக்குப் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு, "முள்ளு மேல போனதும் வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டேன். அதுக்கு மேல ஒரு அடி ஓட்டல. இது சத்தியம்" என்றான். குரல் தடுமாறவில்லை. பொய் சொல்கிறபோது சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூக்கு விடைக்கும். அப்போது விடைக்கவில்லை.

நாங்கள் திரும்பிக் குளத்தங்கரைக்கு வந்தபோது இவர் இன்னும் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். சட்டையில் இரண்டு பொத்தான் கழற்றியிருந்தார். மூன்றாவதில் கை நின்றிருந்தது.

"இன்னும் இறங்கலியா? போங்க" என்றேன்.

"என்னால முடியாது தாட்சு."

"குளிருதா? முழுகி எழுந்தா சரியாப் போயிடும்."

"வண்டி நல்லா இருந்துச்சின்னு நான் எப்டி சொல்றது? பம்பு ஒழுகுது, மாத்தலன்னா இன்ஜின் கொதிச்சிடும்னு கோபி ஆனி மாசமே சொல்ட்டான். தெனம் ரெண்டு பாட்டில் தண்ணி ஊத்தி ஊத்தித்தான் ஓட்டிக்கினு இருந்தேன். ஹரி வந்த அன்னிக்கு அவன்கிட்ட அதச் சொல்ல மறந்துட்டேன்."

கோபம் வந்தால் எனக்கு இந்த 'ங்க' எல்லாம் போய்விடும். "அடப்பாவி மனுசா! இத என்கிட்ட ஏன் சொல்லல? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கத்தினேன். முழுகிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னேனே" என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. "ஏழாயிரத்து இருநூறு ஆகும்னு சொன்னேன். நீ செலவுக் கணக்குல எழுதினே, அப்புறம் அடிச்சே. திருத்தணி காவடி முடியட்டும், தண்ணி ஊத்திக்கினு ஓட்டுங்கன்னே."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளை, எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. நினைத்துப் பார்த்தேன். மாதாமாதம் எத்தனையோ வரிகளை அடிப்பேன். பல் டாக்டர், மிக்ஸி, இவருக்குச் செருப்பு. ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஒரு நாள், அடுப்பில் குழம்பு கொதிக்க, 'வண்டி பம்பு' என்று எழுதி அதன்மேல் இரண்டு கோடு இழுத்தது நினைவுக்கு வந்தது. இவர் அப்போது ஏதோ சொன்னார். நான் என்ன என்று கேட்கவில்லை.

"அப்ப பஸ்ல ஏன் வாயத் தொறக்கல? நேத்து ஏன் தொறக்கல?"

"ரெண்டு தபா தொறந்தேன். நீ பேசிக்கினு இருந்தே."

அவரைத் திட்டலாம் என்று பார்த்தேன். அந்தப் பணம் வந்த அன்றைக்காவது அவர் சொல்லியிருக்கலாம். அது அவர் தப்புதான். ஆனால் அது இரண்டாவது தப்பு. முதல் தப்பு என்னுடையது. எனக்கு அவமானமாக இருந்தது. அந்தக் குளத்திலேயே இறங்கி எழுந்திருக்காமல் இருந்துவிடலாம் போல இருந்தது.

கோயில் ஆள் வேறு, "ஐபோயிந்தா?" என்று கேட்டார். முடிந்துவிட்டதா என்கிறார். முடிந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தேன். ஹரி ஈர உடம்பின்மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துகொண்டிருந்தான். செருப்புக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினேன். அதற்குள் சித்தூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான்.

"டேய் ஹரி! தப்பு என்னுதுடா. உன் பணத்த நான் திருப்பித் தந்துட்றேன். வண்டி ஓட ஆரம்பிச்சதும் மொத வேல அதான்."

அவன் என்னைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. குளத்துத் தண்ணீரால் இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

"காசு கேட்டே. குடுத்தேன். எதுக்குன்னு கேட்டேனா?" என்றான். "தப்பு பண்ணேன்னு குடுக்கலக்கா. புரட்டாசிக்கு வண்டி இல்லன்னா நீ இன்னா பண்ணுவேன்னுதான் குடுத்தேன். காசு கைக்கு வந்தப்புறமும் உனக்கு என் வாய் மேல நம்பிக்க வரல. தண்ணியில முக்கிப் பாத்தாத்தான் வந்துச்சு."

"டேய், ஆத்திரத்துல..."

"ரூபா ஆத்திரத்துல குழாயடியில பேசினா. நீ ஆத்திரத்துல சாமி முன்னால நிக்க வச்சே."

பஸ் கிளம்பிவிட்டது. இவர் என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். இரண்டு பேரும் அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

புரட்டாசிக்கு இரண்டு நாள் முன்பே வண்டி வந்துவிட்டது. கோபி சொன்ன முப்பத்தேழாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. முதல் சனிக்கிழமை அலிபிரிக்கு மூன்று நடை, இரண்டாவது சனிக்கிழமை நான்கு. நடுவில் காளஹஸ்திக்கு ஒரு கல்யாண ஓட்டம். ராத்திரி அவர் கொண்டு வந்து கொடுக்கிற பணத்திலிருந்து பாலுக்குக்கூட எடுக்காமல் தனியாகக் கட்டி வைத்தேன். பிள்ளைகளுக்குக் காலேஜ் பீஸ் பிந்திப்போனது. பிந்தட்டும் என்றேன்.

நடுவில் எத்தனையோ தடவை ஹரிக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு தடவையும் ரூபாதான் எடுத்தாள். "அவரு ஷிப்ட்ல இருக்காரு அக்கா" என்பாள். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்பாள். மாங்கூழ் சீசன் முடிந்த பேக்டரியில் நாள் பூராவும் என்ன ஷிப்ட் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் பணம் சேர்ந்தது. ரூபா சீட்டில் இழந்த இரண்டாயிரத்தையும் சேர்த்து இருபதாயிரத்து ஐந்நூறு. வேண்டாம் என்று அவன் திருப்பி அனுப்புவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்; கோபித்துக்கொண்டால் கொடுத்ததை வீசி எறிவான், நான் போய்ச் சண்டை போட்டு, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துச் சோறு போடுவேன். அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தூருக்குப் போக எந்தப் புடவை கட்டுவது என்று கூட யோசித்து வைத்திருந்தேன்.

பத்து நிமிஷத்தில் மெசேஜ் வந்தது. இரண்டாயிரம் மட்டும் திரும்பி வந்திருந்தது. கீழே, 'பதினெட்டாயிரத்து ஐநூறு வந்தது. கணக்கு சரி' என்று இருந்தது.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வாங்கிக்கினானா? அப்பாடா" என்றார்.

மொத்தத்தையும் திருப்பி அனுப்பியிருந்தால், சண்டை போடவாவது நான் சித்தூருக்குப் போயிருப்பேன்.